வாங்குகிறவர் முகம் வாடாமல்

யூத மதம் முழுக்கச் சட்டதிட்டமாகவே தெரிகிறதே, அதில் கருணைக்கு எங்கே இடம், அன்றாடத்தில் அதை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது கேள்வி. பாதிப் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கருணையையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்த மரபு அது. மனம் இளகும்போது கொடு என்று விட்டுவிடாது. எவ்வளவு, எந்த நேரத்தில், எந்த முகத்தோடு, யார் கண்ணிலும் படாமல் எப்படி என்பதுவரை பேசும். இந்த விதிகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி வருவது தெரியும்: வாங்குகிறவர் கூனிக்குறுகிப் போகக் கூடாது.

முதலில் சொற்கள். ஏழைக்குக் கொடுப்பதை எபிரேயத்தில் 'ட்செடகா' என்பார்கள். நீதி என்று பொருள்படும் 'ட்செடெக்' என்பதோடு வேர் ஒன்று. ஆகவே அதில் தானம் செய்த பெருமையைவிடச் செலுத்த வேண்டியதைச் செலுத்திய வாடைதான் அதிகம். இரக்கத்துக்கு 'ரஹமீம்' என்று பெயர். கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' அதன் உடன்பிறப்பு. 'ஹெசெட்' என்றால் அன்பினால் செய்வது. அது கைவேலையாக வெளிப்படும்போது 'கெமிலுத் ஹசாதிம்'. தமிழில் ஈகை வேறு, ஒப்புரவு வேறு என்று பிரித்துச் சொல்வோம் அல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரிப் பிரிவுதான் இதுவும். யூதச் சட்ட ஆசான்களான ரபிகளின் விவாதத் தொகுப்பு தல்மூத். அது கணக்குச் சொல்கிறது: ட்செடகா பணத்தால் மட்டும், கெமிலுத் ஹசாதிம் பணத்தாலும் உடம்பாலும், ட்செடகா ஏழைக்கு, மற்றது ஏழை பணக்காரன் இருவருக்கும், ட்செடகா உயிரோடிருப்பவருக்கு, மற்றது செத்தவருக்கும்கூட. நோயாளியைப் பார்க்கப் போவது, துக்க வீட்டில் உட்காருவது, கடன் கொடுப்பது, விருந்தோம்புவது, பிணத்தைக் கழுவுவது எல்லாம் இந்த இரண்டாவது கணக்கில் வரும். கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபோது, பாவம் தீர்க்கும் பலிபீடம் போயிற்றே என்று அழுத சீடரிடம், அதற்கு ஈடான இன்னொரு பரிகாரம் நம்மிடம் இருக்கிறது, அது கெமிலுத் ஹசாதிம் என்று அக்காலத்து யூத அறிஞர் ரபான் யோஹனான் பென் ஸக்காய் சொன்னதாக மரபு.

வயலிலிருந்து தொடங்கலாம். லேவியராகமம் 19-ஆம் அதிகாரம், அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவை என்கிறது. இதற்குப் 'பேயா' என்று பெயர். தோராவில், அதாவது விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களில், அளவு கிடையாது. ரபிகள் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று வைத்தார்கள். வயல் பெரிதா, ஏழைகள் எத்தனை பேர், விளைச்சல் எப்படி என்று பார்த்து அதற்கு மேலேயும் விட வேண்டும்.

கடைசி மூலையில்தான் விட வேண்டும் என்பதற்குத் தல்மூத் சொல்லும் காரணங்களைப் பாருங்கள். எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்றால், யாருமில்லாத நேரம் பார்த்துத் தன் உறவுக்கார ஏழையைக் கூப்பிட்டு அள்ளிக்கொள்ளச் சொல்லிவிடுவான் வயல்காரன். இப்போது விடுவானோ, பிறகு விடுவானோ என்று மற்ற ஏழைகள் நாள் முழுக்கக் காத்துக் கிடப்பார்கள். அவர்கள் நேரத்தை வீணடிப்பதும் தப்பு. வழியில் போகிறவர்கள், 'ஒன்றுமே விடாமல் அறுத்துவிட்டானே' என்று சபிப்பார்கள். விடாமலே ஏமாற்றுகிறவன், 'முன்னாலேயே விட்டுவிட்டேன்' என்று சாதிப்பான். கடைசியில் நிற்கிற கதிர் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வயல்காரனுக்கு இல்லை. அறுத்துப் பங்கிட்டுக் கொடுக்கவும் கூடாது. ஏழைகளே வந்து பறிப்பார்கள். 99 பேர் 'பங்கிட்டுக் கொடு' என்று கேட்டு ஒருவன் மட்டும் 'நாங்களே பறிக்கிறோம்' என்றாலும் அந்த ஒருவன் பேச்சுத்தான் எடுபடும். பேரீச்சை மரத்திலும் பந்தலில் ஏற்றிய திராட்சைக்கொடியிலும் விதி தலைகீழ். ஏறி விழுந்துவிடுவார்கள் என்பதால் சொந்தக்காரனே இறக்கிப் பங்கிட வேண்டும். 99 பேர் பறிக்கிறோம் என்று நின்றாலும் பங்கிடச் சொல்லும் ஒருவனே ஜெயிப்பான். ஏழைகள் அரிவாள் கொண்டுவரக் கூடாது, ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்களே என்று. நாளைக்கு மூன்று வேளை அவர்களுக்கு வயல் திறந்திருக்கும்.

இதோடு அறுக்கும்போது கையிலிருந்து நழுவும் கதிரும் ஏழைக்குத்தான். ஒன்றிரண்டு விழுந்தால் அவனுடையது. மூன்று சேர்ந்து விழுந்தால் சொந்தக்காரனுடையது. முள் குத்திக் கை உதறியதால் விழுந்ததும் சொந்தக்காரனுக்கே. விவிலியத்தில் வரும் ரூத் என்ற ஏழை விதவை, போவாஸ் என்பவரின் வயலில் பொறுக்கியது இந்தச் சட்டப்படிதான். அவள் பிச்சை கேட்டு நிற்கவில்லை, தனக்குரியதை எடுத்தாள்.

வயல் இல்லாத ஊரில்? அதற்கு இரண்டு ஏற்பாடு. 'குப்பா' என்பது ஊர் உண்டியல். வாரத்துக்கு ஒருமுறை வசூலித்து, வெள்ளிக்கிழமை தோறும் ஊர் ஏழைகளுக்கு அடுத்த வாரத்துக்கானதைக் கொடுப்பார்கள். 'தம்ஹூய்' என்பது தினமும் வீடு வீடாகச் சாப்பாடு சேர்க்கும் தட்டு, வழிப்போக்கருக்கும் உண்டு. இரண்டு வேளைச் சாப்பாடு கையில் இருப்பவர் தட்டிலிருந்து எடுக்கக் கூடாது. 14 வேளைக்கு இருப்பவர் உண்டியலைத் தொடக் கூடாது. இரவு தங்குகிற வழிப்போக்கருக்குப் படுக்க வசதி, சபாத் என்னும் வார ஓய்வுநாள் ஆகிவிட்டால் மூன்று வேளைச் சாப்பாடு.

உண்டியல் பணத்தை இரண்டு பேருக்குக் குறையாமல் போய் வசூலிக்க வேண்டும். பங்கிட மூன்று பேர், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு என்பது தீர்ப்பு. வழக்குத் தீர்க்க மூன்று பேர் உட்காருவதுபோலத்தான் இதுவும். வசூலிக்கும்போது தெருவில் ஒரு காசு கிடந்து எடுத்தால், தன் காசே ஆனாலும் மடியில் போட்டுக்கொள்ளக் கூடாது. உண்டியலில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவன் கண்ணுக்கு அது உண்டியல் காசாகத்தானே தெரியும். நம் ஊர்க் கோயில் கமிட்டிகள் இந்த ஒரு பக்கத்தைப் படித்தால் நன்றாயிருக்கும்.

கொடுப்பதற்கும் உச்சவரம்பு உண்டு. பத்தில் ஒன்று நடுத்தரம். ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகாதே, நாளைக்கு நீயே வாங்கும் நிலைக்கு வந்துவிடுவாய் என்பது விதி. தானமாக வாங்கிச் சாப்பிடுகிறவரும் அதில் கொஞ்சம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தாக வேண்டும். வாங்குவது மட்டுமே அவர் வேலை என்று ஆகிவிடக் கூடாது என்பதாகத்தான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஏமாற்றுக்காரர்களை என்ன செய்வது? 'பசிக்கிறது' என்று வருபவரை விசாரிக்காதே, உடனே சோறு போடு. 'துணி வேண்டும்' என்றால் முன்பின் தெரியாதவராயின் விசாரித்துக் கொடுக்கலாம் என்று பிரித்தார்கள். பசி காத்திருக்காது. ரபி எலியாசர் இன்னும் ஒரு படி மேலே போய், ஏமாற்றுக்காரர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் என்றார். அவர்கள் மட்டும் இல்லாவிட்டால், கேட்டும் கொடுக்காத ஒவ்வொரு தடவைக்கும் நமக்குச் சாக்கே இருந்திருக்காதாம்.

இந்தத் தலைப்பில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸின் எட்டுப் படிகள். ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து எகிப்தில் வைத்தியராக வாழ்ந்து 1204-இல் மறைந்தவர். படிகளை மனப்பாடம் செய்வதைவிட, எதை எதற்கு மேலே வைத்தார் என்பதைக் கவனித்தால் போதும். கேட்ட பிறகு கொடுப்பதைவிடக் கேட்கும் முன்பே கொடுப்பது மேல். அதற்கும் மேல், வாங்குகிறவருக்குத் தெரிந்து கொடுக்கிறவருக்குத் தெரியாமல் போவது. காசைத் துணியில் முடிந்து முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நடந்த பெரியவர்களை உதாரணம் சொல்கிறார். அதற்கு மேல், கொடுப்பவருக்கு மட்டும் தெரிவது. அதற்கு மேல், இருவருக்குமே தெரியாதது. எருசலேம் ஆலயத்தில் இதற்கென்றே ஓர் இரகசிய அறை இருந்தது, போடுகிறவர் போட்டுவிட்டுப் போவார், நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்தவர் எடுத்துக்கொண்டு போவார். எல்லாவற்றுக்கும் உச்சியில் கடன், கூட்டுத்தொழில், வேலை ஏற்பாடு: விழப்போகிறவர் கையைப் பிடித்து நிறுத்துவது. மனம் நொந்து கொடுப்பது கடைசிப் படி. கடுகடுத்த முகத்தோடு கொடுப்பதோ படிக்கணக்கிலேயே சேரவில்லை. ஆயிரம் பொற்காசு கொடுத்தாலும் பலன் போய்விட்டது என்கிறார். கையில் ஒன்றுமில்லையா, ஆறுதலாக நாலு வார்த்தை பேசு. ஒரு பெருத்தா, அதாவது இருப்பதிலேயே சிறிய செப்புக்காசு கொடுப்பவருக்கு ஆறு ஆசி, நல்ல வார்த்தை பேசுபவருக்குப் பதினொன்று என்பது தல்மூத் கணக்கு.

அந்த மறைவு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தல்மூத்தில் வரும் மார் உக்வா என்ற அறிஞரின் கதை. பக்கத்து ஏழை ஒருவர் வீட்டுக் கதவின் குடுமிக்குழியில் தினமும் நாலு ஸூஸ், அதாவது வெள்ளிக்காசு, போட்டுவிட்டு நழுவிவிடுவார். யார் என்று பார்த்துவிட வேண்டும் என்று அந்த ஏழை ஒருநாள் காத்திருந்தார். அன்றைக்கு மார் உக்வாவோடு அவர் மனைவியும் வந்திருந்தாள். கதவு அசைந்ததும் இருவரும் ஓடி, அப்போதுதான் நெருப்பை வாரியெடுத்திருந்த ரொட்டி அடுப்புக்குள் புகுந்துகொண்டார்கள். அவர் பாதம் சுட்டது. 'உங்கள் காலைத் தூக்கி என் கால்மேல் வையுங்கள்' என்றாள் அவள். அவள் கால் சுடவில்லை. அவருக்கு மனம் வாடியது. அவள் சொன்னாள்: 'நான் வீட்டோடு இருப்பவள், என் கையால் கிடைப்பது அப்படியே சாப்பிடக் கிடைக்கும்.' காசை வாங்கியவர் இனிமேல் கடைக்குப் போய், வாங்கி, சமைக்க வேண்டும், சோறு அப்படியில்லை. ஒருவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பதைவிடச் சூளைக்குள் குதிப்பது மேல் என்ற வாக்கைத் தல்மூத் இந்த இடத்தில்தான் கொண்டுவந்து வைக்கிறது.

கடனுக்கு வருகிறேன். கொடுப்பதைவிடக் கடன் தருவது உயர்வு, கடனைவிடக் கூட்டுச் சேர்வது உயர்வு. வட்டி கூடாது. அடகுப் பொருளை எடுக்கக் கடன் வாங்கியவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நில், அவரே கொண்டுவரட்டும் என்கிறது உபாகமம் 24. மாவரைக்கும் திரிகைக்கல்லை அடகு வாங்கக் கூடாது. போர்த்துப் படுக்கும் துணியானால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவரிடம் பணம் இல்லை என்று தெரிந்தால் அவர் எதிரே நடந்து போகவும் கூடாது. ஒன்றும் கேட்காமல் சும்மா கடந்தாலும் அவருக்கு வயிறு கலங்குமே.

இங்கே பலர் சறுக்குவது, அன்பு மிகுதியில் எழுத்து இல்லாமல் கொடுப்பதில். சாட்சியில்லாமல் கடன் தராதே என்பதும் அதே தல்மூத்தின் விதி. அறிஞர் ரவீனா, நிலம் வாங்கப் பத்து ஸூஸ் வேண்டும் என்று பேரறிஞர் ரப் ஆஷியிடம் சொல்லியனுப்பினார். சாட்சியோடு வாருங்கள், பத்திரம் எழுதிக்கொள்வோம் என்று பதில் வந்தது. 'எனக்குமா?' 'உங்களுக்குத்தான் முதலில். எப்போதும் படிப்பிலேயே மூழ்கியிருப்பீர்கள், மறந்துவிடுவீர்கள், பழி என்மேல் வரும்.' எழுதி வைப்பது சந்தேகத்தால் அல்ல, நாளைக்கு இருவர் உறவும் கெடாமலிருக்க.

இந்தக் கடன் மரபின் இன்றைய உருவம் 'கெமாக்'. கெமிலுத் ஹசாதிம் என்பதன் சுருக்கம்தான் பெயர். வட்டியில்லாப் பணக் கடனில் தொடங்கி, கல்யாண உடுப்பு, மடக்கு நாற்காலி, குழந்தைத் தொட்டில், நடுராத்திரியில் தேவைப்படும் மருந்து என்று ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொன்று இருக்கும். தேவைப்பட்டவர் எடுத்துப்போய்த் திருப்பித் தருவார். 1976-இல் யூரி லுபோலியான்ஸ்கி எருசலேமில் தொடங்கிய 'யாத் சாரா' இதே முறையை நாடு முழுக்க விரித்தது: சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவற்றை முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள், பொருள் திரும்பினால் முன்பணமும் திரும்பும். இரவலாக வாங்குவதால் பிச்சை வாங்கிய கூச்சம் இல்லை. பணக்காரரும் அதே வரிசையில்தான் நிற்பார்.

நோயாளியைப் பார்க்கப் போவதில்தான் நல்ல எண்ணத்தோடு கெடுதல் செய்வது அதிகம். அதனால் 'பிக்கூர் ஹோலிம்' விதிகள் நுணுக்கமானவை. நெருங்கிய சொந்தமும் நட்பும் உடனே போகலாம். மற்றவர்கள் மூன்று நாள் பொறுக்க வேண்டும். பகலின் முதல் மூன்று மணி நேரத்திலும் கடைசி மூன்று மணி நேரத்திலும் போகக் கூடாது. காலையில் நோயாளி தெளிவாக இருப்பார், 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று பிரார்த்தனை செய்ய மறந்துவிடுவோம். மாலையில் வாடிக் கிடப்பார், நம்பிக்கையே போய்விடும். வயிற்றுப்போக்குக்காரர் அறைக்குள் போகாதே, அவருக்குக் கூச்சம். தலைவலி, கண்நோய்க்காரரிடமும் போகாதே, பேசுவதே அவருக்குப் பாரம். இப்படிப்பட்டவர்களுக்கு வாசல் அறையில் நின்று, என்ன வேண்டும் என்று வீட்டாரிடம் கேட்டு, அதைச் செய்துவிட்டு வர வேண்டும். நோயாளி தரையில் படுத்திருந்தால் அவரைவிட உயரமாக உட்காரக் கூடாது. பிரார்த்தனை செய்யாமல் திரும்பினால் போனதே கணக்கில்லை என்பார் ஷுல்ஹான் அருஹ் சட்டநூலுக்கு உரைக்குறிப்பு எழுதிய ரெமா.

பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்று ஒரு வாக்கு உண்டு. அப்படியானால் 60 பேரை அனுப்பினால் குணமாகிவிடுமே என்று தல்மூத்திலேயே ஒருவர் மடக்குகிறார். அதற்கு வந்த விளக்கம்: ஒவ்வொருவரும் மிச்சமிருப்பதில்தான் அறுபதில் ஒன்றை எடுப்பார். கணக்குப் போட்டால் 60 பேர் போன பிறகும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே நோய் மிச்சமிருக்கும். ரபி அகிவா போன கதைக்குக் கணக்கே தேவையில்லை. அவருடைய சீடர் ஒருவர் நோயில் கிடந்தார், மற்ற அறிஞர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அகிவா போனார், அறையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். சீடர் பிழைத்து, 'ரபி, என்னை உயிர்ப்பித்தீர்கள்' என்றார். அகிவா வெளியே வந்து, நோயாளியைப் பார்க்காதவன் இரத்தம் சிந்தியவன் மாதிரி என்று போதித்தார்.

விரோதியின் கழுதையையும் சொல்லியாக வேண்டும். சுமை தாங்காமல் விழுந்து கிடக்கும் கழுதை உன்னைப் பகைக்கிறவனுடையதானாலும் உதவு என்கிறது யாத்திராகமம் 23. ஒரே நேரத்தில் நண்பனின் கழுதைக்குச் சுமை இறக்கவும் விரோதியின் கழுதைக்குச் சுமை ஏற்றவும் வேண்டியிருந்தால் எது முதலில்? வாயில்லா ஜீவனின் வலி தீர வேண்டுமானால் இறக்குவதுதான் முதல். ஆனால் தீர்ப்பு, விரோதிக்கு முதலில் போ. உன் மனத்தை நீ அடக்க வேண்டும். ஒரு கிளைவிதியும் உண்டு. கழுதைக்காரன் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, 'உனக்குத்தானே கடமை, இறக்கேன்' என்றால் உனக்குப் பொறுப்பில்லை. அவன் கிழவன் அல்லது நோயாளி என்றால் பொறுப்பு உண்டு. கூடவே, வீட்டில் மாடு, கோழி இருந்தால் அவற்றுக்குத் தீனி வைக்காமல் நீ சாப்பிட உட்காரக் கூடாது.

துக்க வீட்டு விதிகள் என் பார்வையில் எல்லாவற்றிலும் பக்குவமானவை. அடக்கம் முடிந்து ஏழு நாள் 'ஷிவா'. முதல் சாப்பாடு துக்கக்காரர் வீட்டுப் பொருளாக இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டும். முட்டையும் பருப்பும் வழக்கம். வட்டமான பருப்புக்கு வாய் இல்லை, துக்கக்காரருக்கும் பேச வாய் இல்லை என்பார்கள். போகிறவர் வாயைத் திறக்கக் கூடாது, அவர் பேசட்டும் என்று காத்திருக்க வேண்டும். விவிலியத்தில், பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் முன்மாதிரி. 'என்ன செய்வது, நம் கையிலா இருக்கிறது' என்று சொல்லவே கூடாது. முடிந்திருந்தால் கடவுள் செய்ததை மாற்றியிருப்பேன் என்று ஆகிறதே. துக்கக்காரர் தலையை அசைத்துவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்.

இந்தச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் வந்தது. பணக்காரர் வீட்டுக்கு வெள்ளிக்கூடையிலும் பொன்கூடையிலும் கொண்டுபோனார்கள். ஏழை வீட்டுக்குத் தோலுரித்த வில்லோ மர மிலாற்றுக் கூடையில், அதாவது குச்சிகளால் முடைந்த கூடையில். ஏழைகள் வெட்கப்பட்டார்கள். இனி எல்லோருக்கும் மிலாற்றுக் கூடைதான் என்று விதித்தார்கள். பணக்காரருக்கு வெள்ளைக் கண்ணாடியிலும் ஏழைக்கு மலிவான நிறக்கண்ணாடியிலும் மது ஊற்றினார்கள். இனி எல்லோருக்கும் நிறக்கண்ணாடி. செத்த பணக்காரர் முகத்தைத் திறந்து வைத்தார்கள். பஞ்சத்தில் கறுத்துப்போன ஏழை முகத்தை மூடினார்கள். இனி எல்லோர் முகமும் மூடியே. கவனியுங்கள், ஒரு விதிகூட ஏழைக்கு வெள்ளிக்கூடை வாங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. பணக்காரரைத்தான் இறங்கி வரச் சொன்னது.

பிணத்தைக் கழுவிக் கட்டும் வேலைக்கு 'ஹெசெட் ஷெல் எமெத்', உண்மையான அன்பு என்று பெயர். செத்தவரால் பதிலுக்கு எதுவும் செய்ய முடியாது. 'ஹெவ்ரா கடிஷா' என்ற ஊர்க்குழு இதைச் செய்யும், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். உடம்பை ஒரேயடியாகத் திறந்து போடாமல், கழுவும் பகுதியை மட்டும் விலக்கிக் கழுவுவார்கள். பிறகு ஒன்பது 'கவ்' தண்ணீரை, இருபது லிட்டருக்கு மேல் வரும், இடைவிடாமல் ஊற்ற வேண்டும். ஒரு பாத்திரம் தீரும் முன்பே அடுத்தது தொடங்கிவிடும். முடிந்ததும், ஏதாவது மரியாதைக் குறைவு நடந்திருந்தால் மன்னித்துக்கொள் என்று செத்தவரின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். உடுத்துவது வெள்ளைத் துணி, பை வைத்துத் தைக்காதது.

அந்தத் துணிக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் பிணத்துக்கு விலையுயர்ந்த ஆடை உடுத்தும் பழக்கம் இருந்தது. சாவைவிடச் செலவு பெரிய இடியாகி, சொந்தக்காரர்கள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடிய நிலை. சமூகத்தின் தலைவராயிருந்த ரபான் கமலியேல், தன்னைச் சாதாரண நார்த்துணியில் எடுத்துப்போகும்படி செய்தார். அதன் பிறகு யாரும் பட்டுக்குப் போகவில்லை. இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் கழித்துப் பாபிலோனியாவில் இருந்த ரப் பாப்பா சொல்கிறார்: இப்போதெல்லாம் ஒரு ஸூஸ் விலையுள்ள முரட்டுத் துணியிலேயே எடுத்துப்போகிறார்கள்.